பாட்டிலின் முதுகைப் படியுங்கள்... உஷார்!

கடையில் ஷாம்பூ அடுக்கியிருக்கும் அலமாரி முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ‘சல்ஃபேட் ஃப்ரீ’, ‘பாரபென் ஃப்ரீ’, ‘சிலிகான் ஃப்ரீ’, ‘கெமிக்கல் ஃப்ரீ’. உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்னென்ன இல்லை என்பதைத்தான் ஒவ்வொரு பாட்டிலும் கொட்டை எழுத்தில் சொல்கிறது. ஃபேஸ் வாஷ், பாடி வாஷ், குழந்தை சோப்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். இரண்டு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறவர்களும், எதில் ‘இல்லை’ அதிகமோ அதைக் கூடையில் போட்டுவிட்டு, கூடுதல் விலையும் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வருகிறார்கள்.

அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது.

தோலையும் தலையையும் கழுவும் எந்தப் பொருளுக்கும் சில வேலைகள் உண்டு. எண்ணெயையும் அழுக்கையும் எடுக்க ஒன்று வேண்டும். மாதக்கணக்கில் குளியலறையில் கிடந்தாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் தடுக்க ஒன்று வேண்டும். மணத்துக்கு ஒன்று, கெட்டியாக இருக்க ஒன்று. ஒன்றை எடுத்துவிட்டேன் என்று கம்பெனி சொன்னால், அந்த இடத்துக்கு வேறொன்று வந்திருக்கும். ‘இது இல்லை’ என்று படித்தவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘சரி, அதற்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறாய்?’ என்பதே. பதில் பாட்டிலின் முன்பக்கத்தில் இருக்காது. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். சில சமயம் அங்கேயும் இருக்காது.

பாரபென் போனது, எது வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு ஐரோப்பா கொடுத்த விலை பெரிது. பாரபென் என்பது பொருள் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்களின் ஒரு குடும்பம். ஹார்மோனைக் குழப்பும் என்ற சந்தேகம் கிளம்பியதும் மக்கள் பயந்தார்கள். கம்பெனிகள் ‘பாரபென் ஃப்ரீ’க்குத் தாவின. அந்த இடத்துக்கு வந்தவற்றில் முக்கியமானது மெத்தில்ஐசோதியாசோலினோன். இதைத் தனியாக அழகுப் பொருள்களில் பயன்படுத்த 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களிடம் அரிப்பு, வீக்கம், வெடிப்பு என்று வந்தவர்களின் கூட்டம் பெருகியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2013-ம் ஆண்டுக்கான ‘ஒவ்வாமைப் பொருள்’ என்று இதை அறிவித்தது. தோலிலேயே தங்கும் க்ரீம், லோஷன் போன்றவற்றில் இதைப் பயன்படுத்த ஐரோப்பா 2017-ல் தடை விதித்தது. கழுவிவிடும் பொருள்களில் 10 லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கூடாது என்று 2018-ல் கட்டுப்படுத்தியது.

அதே அமெரிக்கச் சங்கம் 2019-ல் பாரபெனை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று பட்டம் கட்டிக் கொண்டாடியது. அதாவது, தோல் ஒவ்வாமை விஷயத்தில் சாதுவாக இருந்ததை விரட்டிவிட்டு, முரடனை வீட்டுக்குள் விட்டோம். பாரபென் எல்லாமே சுத்தம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐசோபுரோபில், ஐசோபியூட்டில் உள்ளிட்ட ஐந்து பாரபென்களை ஐரோப்பா 2014-ல் தடை செய்தது. ஆனால் மெத்தில்பாரபெனும் இந்த ஐந்தும் ஒன்றல்ல. ‘பாரபென் ஃப்ரீ’ என்ற முத்திரை அந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

இன்று உங்கள் குளியலறையில் இருக்கும் ஷாம்பூவைத் திருப்பிப் பாருங்கள். பட்டியலின் கடைசியில் ‘மெத்தில்குளோரோஐசோதியாசோலினோன்’, ‘மெத்தில்ஐசோதியாசோலினோன்’ என்று நாக்கைச் சுளுக்கும் பெயர்கள் இருக்கலாம். ‘டிஎம்டிஎம் ஹைடான்டோயின்’ என்று இருந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுத்தான் கிருமியைத் தடுக்கிறது. ‘குவாட்டர்னியம்-15’, ‘இமிடசோலிடினைல் யூரியா’ ஆகியவையும் அதே வகை. இவை எல்லோருக்கும் கெடுதல் செய்யும் என்பதில்லை. ஆனால் ஏற்கெனவே அரிப்போ கரப்பானோ இருப்பவர்கள், பச்சிளம் குழந்தைகள் ஆகியோருக்கு வாங்கும்போது இந்த நான்கைந்து பெயர்களைத் தேடிப் பார்த்து ஒதுக்குவது நல்லது.

‘சல்ஃபேட் இல்லை’ என்றால் மென்மையா?

அடுத்த பெரிய பயம் சல்ஃபேட். சோடியம் லாரில் சல்ஃபேட் புற்றுநோய் தரும் என்று பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமில்லை. ஆனால் அது தோலை எரிச்சல்படுத்தும் என்பது உண்மை. எவ்வளவு உண்மை என்றால், தோல் ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கி ஆராய வேண்டியிருந்தால், தடவுவதற்கு எடுப்பதே இதைத்தான்.

இதன் தம்பி, சோடியம் லாரெத் சல்ஃபேட். பெயரில் ஓரிரு எழுத்து வித்தியாசம்தான்; தோலுக்கு இது கொஞ்சம் சாது. பெரும்பாலான ஷாம்பூக்களில் இருப்பது தம்பிதான், அண்ணன் அல்ல. ‘சல்ஃபேட்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, இரண்டும் இல்லாத ‘சல்ஃபேட் ஃப்ரீ’ பாட்டிலைத் திருப்புங்கள். தண்ணீருக்கு அடுத்த பெயர் என்ன? ‘சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட்’ என்று இருந்தால், முன்பக்கம் சொன்னது பொய்யில்லை. அது சல்ஃபேட் அல்ல, சல்ஃபோனேட். ஆனால் எண்ணெயை உரித்தெடுப்பதில் சல்ஃபேட்டுக்குச் சற்றும் சளைத்ததல்ல. அந்தப் பாட்டிலுக்கு மென்மைக்கான விலையைக் கொடுத்துவிட்டு, பழைய முரட்டுத்தனத்தையே வாங்கி வருகிறோம்.

உண்மையில் மென்மையானவை வேறு. ‘சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்’, ‘டெசில் குளுக்கோசைடு’, ‘கோகோ குளுக்கோசைடு’, ‘டைசோடியம் லாரெத் சல்ஃபோசக்சினேட்’ போன்றவை தண்ணீருக்கு அடுத்து வந்தால் வறண்ட தோலுக்கும் தலைக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம். நுரை குறைவாக இருக்கும். அதற்காகக் கூடுதலாக ஊற்றாதீர்கள். ‘கோகாமிடோபுரோபில் பீட்டெயின்’ மற்ற முரட்டுப் பொருள்களைச் சாந்தப்படுத்தச் சேர்க்கப்படுவது. ஆனால் அதுவும் 2004-ல் ஒவ்வாமைப் பொருள் பட்டத்தை வாங்கியது. அதைத் தயாரிக்கும்போது தங்கிவிடும் மிச்சங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. குளுக்கோசைடுகளும் 2017-ல் அதே பட்டத்தை வாங்கின. எல்லோருக்கும் சாதுவான பொருள் என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு எது ஆகவில்லை என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் ஒப்பிட வேண்டும்.

‘தேங்காயிலிருந்து எடுத்தது’ என்ற வாசகத்துக்கும் மயங்க வேண்டாம். தேங்காய் எண்ணெயிலும் பனைவிதை எண்ணெயிலும் உள்ள கொழுப்பிலிருந்துதான் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் பெரும்பாலும் தயாராகிறது. பிறந்த வீடு தென்னந்தோப்பு என்பதால் குணம் மாறிவிடாது.

‘நுரையே வராது, அதனால் ஒன்றும் செய்யாது’ என்று நம்பியவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பொருள் பாடம் கற்பித்தது. ‘வென்’ என்ற பெயரில் விற்ற, ஷாம்பூவுக்குப் பதிலாகத் தலையில் தேய்த்து அலசும் கண்டிஷனர் அது. கடுமையான நுரைப்பொருள் இல்லை என்பதே அதன் விளம்பரம். 2016-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. முடி கொட்டுகிறது, உடைகிறது, உச்சந்தலை எரிகிறது என்று நிர்வாகத்துக்கு நேரடியாக வந்த புகார்கள் 127. விசாரணையில், தயாரித்து விற்றவர்களிடம் ஏற்கெனவே 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்திருந்தது தெரிந்தது. எந்தச் சேர்மானம் காரணம் என்று நிர்வாகத்தால் அப்போது சொல்ல முடியவில்லை. ‘இல்லை’களின் பட்டியல் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

சோப்பு உறையில் ஒரு சின்ன வரி

நம் ஊர்க் கடைகளில் சோப்பு உறையை உற்றுப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒன்றில் ‘டாய்லெட் சோப்’ என்றும் அதன் தரம் 1, 2 அல்லது 3 என்றும் இருக்கும். மற்றொன்றில் ‘பாத்திங் பார்’ என்று மட்டும் இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, முதல் தர டாய்லெட் சோப்பில் மொத்தக் கொழுப்புச் சத்து, அதாவது டிஎஃப்எம், குறைந்தது 76 சதவீதம் வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பாத்திங் பாருக்கு 40 இருந்தால் போதும். ஒரே மாதிரி பளபளப்பு, ஒரே மாதிரி வாசனை, பக்கத்துப் பக்கத்து அடுக்கு; ஆனால் ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் கணிசமான பங்கு டால்க் போன்ற நிரப்புப் பொருள் இருக்கலாம். விலையை ஒப்பிடும்போது இதையும் ஒப்பிடுங்கள்.

ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு. டிஎஃப்எம் அதிகமென்றால் தோலுக்கு மென்மை என்று இப்போது யூடியூபில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அந்த எண் சோப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சோப்பு தோலை என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை. நல்ல தோலின் பிஎச் 4.5-லிருந்து 5.5 வரை; லேசான புளிப்புத் தன்மை. முதல் தர சோப்பானாலும் சரி, கையால் செய்த ‘நேச்சுரல்’ சோப்பானாலும் சரி, எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த உண்மையான சோப்பின் பிஎச் 9, 10 என்று காரப் பக்கம்தான் நிற்கும். மாறாக, பாத்திங் பார் என்ற பெயரில் வரும் சில கட்டிகள் சோப்பே அல்ல. ‘கோகோயில் ஐசெத்தியோனேட்’டை முதலில் போட்டுச் செய்தவை. அவற்றில் டிஎஃப்எம் குறைவு, மென்மை அதிகம். எனவே எண்ணைப் பார்த்த கையோடு முதல் சேர்மானத்தையும் பாருங்கள். ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கெர்னலேட்’, ‘சோடியம் கோகோயேட்’ என்று தொடங்கினால் அது சோப்பு.

போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மாறும். வாளி விளிம்பில் படிகிற அதே படிவு தோலிலும் முடியிலும் படியும். குளியல் சோப்பையே தலைக்கும் போடும் ஆண்களுக்கு முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சீப்பு இறங்காமல் போவது இதனால்தான். அது பொடுகு என்று நினைத்து மேலும் சோப்பு போடுகிறார்கள், மேலும் படிகிறது. போர் தண்ணீர்க்காரர்கள் தலைக்குச் சோப்பைத் தவிருங்கள். ஷாம்பூ பட்டியலில் ‘டைசோடியம் இடிடிஏ’ அல்லது ‘டெட்ராசோடியம் இடிடிஏ’ இருந்தால், அது இந்த உப்புகளைப் பிடித்துக் கட்டிவைக்கப் போட்டது, உங்களுக்கு உதவும்.

‘கிருமியை அழிக்கும்’ சோப்புக்கும் ஒரு வார்த்தை. டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உள்ளிட்ட 19 பொருள்களை, கை, உடல் கழுவும் கிருமிநாசினி சோப்புகளில் இனி விற்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் சொன்னது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இவை கூடுதலாகச் செய்கின்றன என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை என்பதே காரணம்.

பட்டியலே இல்லாத இடங்கள்

இதுவரை சொன்னது பட்டியல் இருக்கும் பொருள்களைப் பற்றி. பட்டியலே இல்லாவிட்டால்?

இந்தியாவில் அழகுப் பொருள் விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை அடுத்து எந்த வரிசையிலும் எழுதலாம். நல்ல விதிதான். ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைவான திடப்பொருளுக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை.

சாஷே ஷாம்பூ நம் மண்ணில் வளர்ந்த யோசனை. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதற்கு முன்னோடி. அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூ அதைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனது. பாட்டில் வாங்க வசதியில்லாதவர்கள் தலைக்கும் ஷாம்பூ வந்தது, நல்ல விஷயம். ஆனால் இன்றும் பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் சில மில்லி சாஷேயை வாங்குகிறவர்தான், தன் தலையில் என்ன போடுகிறோம் என்று படிக்க வழியில்லாமல் நிற்கிறார். அதிகம் பேர் வாங்கும் அளவுக்கே பட்டியல் கட்டாயமில்லை என்பது கொடுமை. ஒரு வழி இருக்கிறது: அதே பிராண்டின் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்து அதன் பட்டியலைப் படித்துவிட்டு சாஷே வாங்குங்கள். பெரிய பாட்டிலே இல்லாத, கேள்விப்படாத பெயரில் வரும் சாஷேயைத் தொடாதீர்கள்.

இரண்டாவது இடம், ஆயுர்வேத, மூலிகை ஷாம்பூ. இவற்றில் பல அழகுப் பொருளாக அல்லாமல் ஆயுர்வேத மருந்து உரிமத்தில் வருகின்றன. லேபிளைப் பார்த்தால் கரிசலாங்கண்ணி இவ்வளவு மில்லிகிராம், நெல்லி இவ்வளவு, செம்பருத்தி இவ்வளவு என்று அழகாகக் கணக்கு இருக்கும். கடைசி வரியில் ‘ஷாம்பூ பேஸ், க்யூ.எஸ்.’ என்று முடிந்திருக்கும். க்யூ.எஸ். என்றால் தேவையான அளவு. அந்தத் தேவையான அளவில்தான் நுரைப்பொருள், பதப்படுத்தி, மணம், நிறம் அத்தனையும் ஒளிந்திருக்கின்றன. பாட்டிலின் பெரும்பங்கு அதுதான். எந்த அரிப்புக்கு எது காரணம் என்று தேட நினைத்தால், தேட வேண்டிய பொருள்களெல்லாம் அந்த ஒரு வரிக்குள் மூடிக் கிடக்கும். முன்பக்கத்தில் ஒரு சீயக்காய் படம் இருப்பதால் அது சீயக்காயாகிவிடாது.

நலங்கு மாவிலும் கவனம்

‘கம்பெனி சரக்கே வேண்டாம், பாட்டி சொன்னதே போதும்’ என்கிறவர்களும் உஷாராக இருக்க வேண்டிய இடம் உண்டு. நலங்கு மாவு, குளியல் பொடி ஆகியவற்றில் கார்போகரிசி சேர்ப்பது வழக்கம். இதில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, பிறகு திட்டுத் திட்டாகக் கருக்கும். வெண்புள்ளி சிகிச்சையில் மருத்துவர்கள் அளவாக ஒளியோடு சேர்த்துப் பயன்படுத்துவதே இந்தக் குணத்துக்காகத்தான். காலையில் பொடி தேய்த்துக் குளித்துவிட்டு பத்து மணி வெயிலில் நடப்பவருக்கு இது வேண்டாத வம்பு. பொடுகுக்கு எலுமிச்சையைத் தலையில் தேய்த்து, சாறு நெற்றியில் வழிய மாடியில் வெயில் காய்வதும் இதே கதைதான். பொடி அரைக்கக் கொடுக்கும்போது கார்போகரிசியைக் குறைக்கச் சொல்லுங்கள். முகத்துக்கென்றால் முற்றிலும் தவிருங்கள். கடையில் தயாராக விற்கும் பொடி என்றால், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலம் வேண்டாம்.

இன்னொன்று, குழந்தைகள். கடலை மாவு, பயத்த மாவு, பால், கோதுமைத் தவிடு இவற்றை நல்ல தோலில் தேய்ப்பது ஒன்று. கரப்பானால் வெடித்துப் புண்ணான தோலில் தேய்ப்பது வேறு. உணவுப் புரதம் வயிற்றின் வழியாகப் போனால் உடம்பு பழகிக்கொள்கிறது. பிளந்த தோல் வழியாகப் போனால் அதையே எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடக்கூடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஜப்பானில் ‘ச்சா நோ ஷிஸுகு’ என்ற முகம் கழுவும் சோப்பு லட்சக்கணக்கான வீடுகளில் புழங்கியது. சருமம் ஈரமாக இருக்க அதில் உடைத்த கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு, இந்தச் சோப்பைத் தினமும் தேய்த்த பிறகு கோதுமை சாப்பிட்டால் கண்ணிமை வீங்கியது. சிலருக்கு மூச்சுத்திணறி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தானது. 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பாதிப்பு உறுதியானவர்கள் 2 ஆயிரத்துக்கும் மேல். முகம் கழுவிய பொருள் சாப்பாட்டைப் பறித்தது. அதன் பிறகுதான் ஐரோப்பாவும் அழகுப் பொருள்களில் போடும் உடைத்த கோதுமைப் புரதத்தின் மூலக்கூறு அளவுக்கு வரம்பு வைத்தது. நம் கடைகளில் ஷாம்பூ, கண்டிஷனர் பட்டியல்களில் ‘ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்’ என்று இருப்பது இதே வகைப் பொருள்தான். வெடித்த தோலும் கோதுமை ஒவ்வாமையும் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

இவை இரண்டும் சிவப்பு விளக்கு

முதலாவது, ‘வெள்ளையாக்கும்’ சோப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதன்படி, பாதரசம் கலந்த வெளுப்பு சோப்புகளில் 1 முதல் 3 சதவீதம் வரை மெர்குரி அயோடைடு இருக்கும். இந்திய விதிகளின்படி அழகுப் பொருளில் பாதரசத்தை வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. பாதரசம் சிறுநீரகத்தைத்தான் முதலில் குறிவைக்கும். கேரளத்தின் மலப்புரத்தில் 2023-ல் வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது செய்தியானது நினைவிருக்கும். முகவரியில்லாத, மொழி புரியாத உறையோடு ‘ஃபாரின் சோப்பு’ என்று வருவதை வாங்காதீர்கள். ‘தங்கம், வெள்ளி நகை மேல் படக்கூடாது’ என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அடையாளம். நகைக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

இரண்டாவது, ‘5 நிமிடத்தில் கறுப்பு’ ஷாம்பூ. பெயர்தான் ஷாம்பூ, உள்ளே இருப்பது பெரும்பாலும் தலைச்சாயம். பாராஃபீனைலின்டயமின் என்ற பெயர் பட்டியலில் இருந்தால் உஷார்; அதற்கு ஒவ்வாமை வந்தால் முகமே வீங்கிக் கண் மூடிப்போகும் அளவுக்குப் போகலாம். முன்பு பல முறை போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் அல்ல. ஒவ்வாமை பல முறை தொட்ட பிறகும் பிறக்கலாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போட வேண்டும். தாடி, மீசைக்கும் இதே விதி. புருவத்துக்கும் இமைக்கும் போடவே கூடாது. பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட இந்திய விதியே கட்டளையிடுகிறது.

பட்டியலில் எழுதாத அழுக்கு

சில விஷயங்கள் சேர்மானமே அல்ல, தயாரிப்பின்போது தங்கிவிடும் மாசு. அதனால் எந்த லேபிளிலும் வராது. ‘லாரெத்’ என்பதுபோல் ‘எத்’ என்று முடியும் நுரைப்பொருள்களைச் செய்யும்போது 1,4-டயாக்சேன் தங்கலாம். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. ஆலையிலேயே சுத்திகரித்து நீக்க முடியும். நியூயார்க் மாநிலம் இதற்கு 2022 இறுதியில் 10 லட்சத்தில் 2 பங்கு என்றும், 2023 இறுதியில் 1 பங்கு என்றும் சட்டமாகவே வரம்பு போட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2014-ல் தன் குழந்தை ஷாம்பூவிலிருந்து குவாட்டர்னியம்-15-ஐ நீக்கி, டயாக்சேன் அளவையும் குறைத்தது நுகர்வோர் அமைப்புகள் விடாமல் கேட்டதால்தான். கேட்டால் மாற்றுவார்கள்.

மணம் என்பதும் இப்படி ஒரு மூடிய பெட்டி. ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பத்து, ஐம்பது பொருள்கள் இருக்கலாம். ஐரோப்பாவில் லினலூல், லிமோனீன் போன்ற ஒவ்வாமை தரும் மணப்பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி எழுத வேண்டும். நம் லேபிளில் ‘பெர்ஃப்யூம்’ என்று மட்டும் இருந்தால் அரிப்புக்காரர்கள் ‘மணம் சேர்க்காதது’ என்று எழுதியதைத் தேடுங்கள்.

இனி இப்படி ஒப்பிடுங்கள்

1. முன்பக்கத்தை விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போங்கள். முதல் ஐந்து பெயர்கள்தான் நீங்கள் வாங்கும் பொருள். இரண்டு பாட்டிலின் முதல் ஐந்தும் ஒன்றாக இருந்தால், விலை வித்தியாசம் பெரும்பாலும் விளம்பரத்துக்கும் வாசனைக்கும்தான்.

2. ‘ஃபீனாக்சிஎத்தனால்’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இந்தப் பதப்படுத்தியைப் பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. வரிசை விதியின்படி, 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள ஒரு பெயருக்குப் பிறகு வரும் எல்லாமே அதே கணக்கில்தான் அடங்கும். ‘வெங்காய ஷாம்பூ’வின் வெங்காயச் சாறு, ‘ஆர்கன் ஷாம்பூ’வின் ஆர்கன் எண்ணெய் இதற்குக் கீழே இருந்தால், ரசத்தில் பெருங்காயம் மாதிரிதான். ஆனால் பெயரும் படமும் விலையும் அதைக் காட்டித்தான்.

3. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பெயர்களை மொபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதை மட்டும் தேடினால் போதும். எறும்பு எழுத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

4. உரிம எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். ஆன்லைனில் லேபிளைப் படம் எடுத்துப் போடாத பொருளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

5. ஒரே நாளில் ஷாம்பூ, கண்டிஷனர், ஃபேஸ் வாஷ் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

கடைசியாக, பலர் தவறவிடும் ஓர் அடையாளம். ஷாம்பூ ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைதான் அரிக்க வேண்டும் என்பதில்லை. உச்சந்தலைத் தோல் தடிமன், அது தாங்கிக்கொள்ளும். அலசும்போது நுரை வழிந்து போகும் பாதையில் உள்ள மெல்லிய தோல்தான் முதலில் சிவக்கும்: கண்ணிமை, காதுக்குப் பின்புறம், கழுத்தின் பக்கவாட்டு, நெற்றி ஓரம். கண்ணிமை அரிக்கிறது என்று மை, ஐ-ஷேடோவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஷாம்பூவைச் சந்தேகிப்பதே இல்லை. அப்படி வந்தால் அந்தப் பொருளை உடனே நிறுத்துங்கள். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசி மறைக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் பயன்படுத்தும் எல்லா பாட்டில்களையும், அல்லது அவற்றின் பின்பக்கப் படங்களையும் கொண்டுபோங்கள். முதுகில் பொருள்களை ஒட்டிவைத்து, 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எந்தப் பொருள் எதிரி என்று காட்டிக்கொடுக்கும். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டால் மருத்துவரும் ஊகிக்கத்தான் முடியும். புகாருக்கும் ஆதாரம் இருக்காது.

புகார் கொடுப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தொகுதி எண்ணோடு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அமெரிக்காவில் கம்பெனியின் கோப்பில் 21 ஆயிரம் புகார்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அரசு விசாரணையில் இறங்கியது தன்னிடம் நேரடியாக வந்த புகார்களைப் பார்த்துத்தான். உங்கள் புகாரையும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையோடு நிறுத்திவிடாமல், அரசுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.